அம்பு ஒட்டாத பியானோ

சீ என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ தைக்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக நான் செக்கிங்கில் இருக்கிறேன். காலை எட்டரைக்கு டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால், தைத்து வருகிற ஷூவின் மேல்தோல் ஒவ்வொன்றையும் எடுத்து, மடக்கி, கட்டைவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் ஒரு நூல் விலகியிருந்தால் சீ. பசை வழிந்திருந்தால் சீ. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு தோலில் தெரிந்தால் அதற்கும் சீ. குறை இருக்கிற இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை, கூர்முனை குறையைத் தொடுகிற மாதிரி ஒட்டிவிடுவேன்.

அம்பு ஒட்டியது ரீவர்க் பெட்டிக்குப் போகும். பிரித்து, தைத்து, சரிசெய்து மறுபடி என் மேசைக்கே வரும். சரிசெய்யவே முடியாது என்றால் அம்பெல்லாம் கிடையாது, வெள்ளி மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு. அதுதான் ரிஜெக்ட். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் அம்பைப் பார்த்ததும் கண்ணைக் கசக்குவார்கள். “இன்னாத்துக்குடி அழுவுற? அம்பு ஒட்டிகீறேன்னா உன் பீஸு பொழைச்சிக்கிச்சுன்னு அர்த்தம்” என்பேன். அதை நான் மனசாரத்தான் சொன்னேன். அம்பு ஒட்டுவது ஒரு தயவு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். பிளவுஸை டெய்லரிடம் திருப்பிக் கொடுத்தால் அக்குளில் அம்பு ஒட்டித்தான் கொடுப்பேன். என் கணவர் வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறார், பொறுமைசாலி. அவர் இஸ்திரி போட்ட சட்டையில் கூட மடிப்பு இருக்கும் இடத்தில் அம்பு இருக்கும். அவர் அதைப் பிய்த்துச் சுவரில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எங்கள் மகளின் இசைப் புத்தகத்திலும் ஒட்டினேன். அவள் எட்டு வயதிலிருந்து கீபோர்டு வாசிக்கிறாள். எனக்கு இசை தெரியாது. ஆனால் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று காதுக்குத் தெரியாதா? அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தடுக்கிய இடத்தில் புத்தகத்தில் ஒரு அம்பு ஒட்டுவேன். திட்டவே மாட்டேன். எத்தனை தாய்மார்கள் தலையில் குட்டுகிறார்கள், நான் ஒரு அம்போடு விட்டுவிடுகிறேனே என்று எனக்குப் பெருமை வேறு.

இப்போது அவளுக்குப் பதினாறு. இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை, கீபோர்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து பீரோ மேலே வைத்துவிட்டாள்.

“கை வலிக்குதும்மா” என்றாள்.

மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற இடத்தில் அவள் இல்லை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் தாறுமாறாகத் தட்டுகிற பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சர்ச் ஐயர் வந்து விசாரித்தார். கோயிலில் எல்லோரும் விசாரித்தார்கள். வீட்டில் சாயங்கால நேரம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. எட்டு வருடமாக அந்தச் சத்தத்தில்தான் நான் குழம்பு கூட்டியிருக்கிறேன். இனி அவள் வாசிக்கவே மாட்டாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

வேலூரில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். “அந்தக் கீபோர்டு கட்டை ரொம்ப லைட்டுங்க. இவ வாசிக்கிற பாடத்துக்குக் கனமான கட்டை இருக்கிற பியானோ வேணும். இதுல வாசிச்சா விரலுக்குப் பலம் வராது” என்றார் அவர். எனக்கு உயிர் வந்தது. குறை கிடைத்துவிட்டது! எங்கே குறை என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கீபோர்டுதான் குறை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினால் பிள்ளை வாசிப்பாள்.

“கனமான கட்டை வெச்சு, தட்டையா, ஸ்டேண்டு மேல வெக்கிற மாதிரி டிஜிட்டல் பியானோ வருதும்மா. அது போதும்” என்றார் என் கணவர்.

போதும் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் எல்லாமே போதும்தான். வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று ஒதுக்கிய ஷூக்களைக் கம்பெனியில் ஸ்டாஃபுக்கு விற்பார்கள். என் மகள் எல்.கே.ஜி.யிலிருந்து அதைத்தான் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அதில் பாதி நானே கோடு போட்டு ரிஜெக்ட் செய்தது. ஜன்னல் திரை, பெட்ஷீட், என் கைப்பை எல்லாம் இப்படிக் கழித்துவிட்ட செகண்ட்ஸ்தான். நாள் முழுக்க முதல் தரத்தைத் தடவித் தடவிப் பெட்டியில் அடுக்கி எவனோ ஒருவனுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கோடு போட்ட செருப்பு. என் வீட்டுக்குள் அம்பு ஒட்ட இடமில்லாத ஒரு பொருளாவது வர வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

அதனால் கிராண்ட் பியானோ என்றேன். பெரிய மண்டபங்களில் ஒரு பக்கம் வளைந்து, வால் நீண்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அது. அசலை எங்கள் ஹாலில் வைத்தால் நாங்கள் மூவரும் மொட்டைமாடியில்தான் குடித்தனம் பண்ண வேண்டும். ஆனால் இப்போது கம்பியே இல்லாமல் கரண்டில் ஓடுகிற டிஜிட்டல் பியானோவை அதே உருவத்தில், வாலை மட்டும் குட்டையாக்கிச் செய்கிறார்கள். போனில் பார்த்தேன். கருப்பாக, முகம் தெரிகிற பாலிஷோடு இருந்தது. சாக்பீஸ் எடுத்து ஹால் தரையில் அளந்து கோடு போட்டேன். டிவியை ரூமுக்குள் தள்ளினால் இடம் இருந்தது. மகள் வந்து பார்த்தாள், கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

முதலில் வேலூரில் ஒரு கடை. கிதார்களும் மிருதங்கங்களும் தொங்குகிற கூட்டத்துக்கு நடுவில் கண்ணாடி அறை போட்டு, அதற்குள் ஒரு குட்டை வால் பியானோவைக் கல்யாணப்பெண் மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் கதவைத் திறந்துவிட்டார். நான் நேரே போய் மூடியைத் தூக்கினேன். என் பழக்கம் அது. எதையும் உள்பக்கம்தான் முதலில் பார்ப்பேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பலகைப் பெட்டி. பலகைக்கு நடுவில் காய்ந்துபோன பல்லி ஒன்றும், நசுங்கிய டீ கப் ஒன்றும் கிடந்தன. டீ கப்பில் பூஞ்சை.

“இன்னாங்க இது, உள்ள ஒண்ணுமே காணோம்?”

“டிஜிட்டல் மேடம். உள்ள ஒண்ணும் இருக்காது. ஸ்பீக்கர் அடியில இருக்குது.”

“அப்போ இந்த மூடி எதுக்கு?”

“தெறக்கிறதுக்கு மேடம்.”

“தெறந்தா?”

“லுக்கு மேடம்” என்றார், பல்லியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே.

கருமம். எங்கள் தொழிலிலும் இந்த வேலை உண்டு. ஓட்டையும் தழும்புமாக வருகிற மட்டமான தோலை எந்திரத்தில் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, சூடான தகட்டை அழுத்தி நல்ல தோலின் ரேகையை அதன்மேல் பதித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முதல் தரம். கட்டைவிரல் வைத்து மடக்கினால் பெயிண்ட் வெடித்துப் பல்லைக் காட்டும். நான் ஒரு கட்டையை அழுத்தினேன். விரலுக்குக் கீழே ‘டொக்’ என்று பிளாஸ்டிக் டப்பா மூடுகிற சத்தம், அதற்கப்புறம்தான் எங்கேயோ கீழே இருந்து இசை. சீ என்றேன். சத்தமாகவே சொன்னேன். விற்பனையாளர் நான் தொட்ட கட்டையைத் துணியால் துடைத்தார். தோல் கம்பெனிக்காரி கை, ஒரு வாடை இருக்கும்தான். பல்லிக்கு எடுக்காத துணி என் விரலுக்கு வந்ததைப் பார்த்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பல்லிக்குப் பக்கத்தில் ஒரு அம்பு ஒட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது, வேலூரிலேயே ஒரு பெரிய வீட்டில் விற்பனைக்கு இருந்தது. வெள்ளை நிறம். பங்களாக்காரம்மா நைட்டி மேலே துண்டு போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பியானோ மேலே போட்டோக்கள், பிளாஸ்டிக் ரோஜா, ஒரு பிள்ளையார், ஏதோ ஊறுகாய் பாட்டில் வட்டமாக விட்டுப்போன எண்ணெய்க் கறை. வாசித்துப் பாருங்கள் என்றார். என் கணவர் பாவம், மரியாதைக்கு ஒரு விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. பேரன் ஜாம் ரொட்டியோடு விளையாடுவானாம். கணவர் விரலைப் பிடுங்கியதும் கட்டைகளின் இடுக்கிலிருந்து எறும்புகள் வரிசையாகக் கிளம்பி வந்தன.

“யாரும் வாசிக்கிறதில்லீங்க. ஹாலுக்கு ஒரு அந்தஸ்து இருக்கட்டும்னு வாங்கிப் போட்டோம்” என்றார் அந்தம்மா.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எறும்பைப் பார்த்து இல்லை, அந்தஸ்து என்று அவர் சொன்ன வாயைப் பார்த்து. வாசலில் செருப்பு போடும்போது என் கணவர் மெதுவாக, “நீயும் அதுக்குத்தானே வாங்குற?” என்று கேட்டார். நான் அவரை முறைத்துவிட்டு முன்னால் நடந்தேன். ஷேர் ஆட்டோவில் அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது, அதற்கும் முறைத்தேன்.

மூன்றாவதாக சென்னைக்கு ரயில் ஏறினோம். இந்த முறை மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். வரவில்லை என்றவளை, “யாருக்குடி வாங்குறோம்? எனக்கா?” என்று கத்தித்தான் கிளப்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து காட்பாடி வரைக்கும், காட்பாடி தாண்டி அரக்கோணம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சென்னைக் கடை ஏசியில் விறைத்தது. அங்கே இருந்த விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும், சென்ட் வாசனை மூக்கை அறைந்தது. ஒரு கருப்புக் குட்டை வால் பியானோ முன்னால் உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசிக்க ஆரம்பித்தார். கடையே நின்றுவிட்டது. அப்படி ஒரு வாசிப்பு. என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் வாசிப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். மெஷினில் இருக்கிற பெண்களின் கையைப் பார்த்தே எந்தத் தையல் கோணப்போகிறது என்று சொல்லிவிடுவேன். இவர் வலது கை மேலே போகும்போது சத்தம் கீழே இறங்கியது. விரல் பத்தும் ஓய்ந்திருக்கும்போது சத்தம் குதித்தது.

“சார், கைய எடுங்க” என்றேன்.

“மேடம்?”

“ரெண்டு கையயும் மேல தூக்குங்க.”

தூக்கினார். பியானோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ‘டெமோ’ என்று ஒரு பட்டனாம், அமுக்கிவிட்டால் உள்ளே பதிந்து வைத்த பாட்டு ஓடுமாம். “எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான் மேடம் காட்டுறது” என்று கூச்சமே இல்லாமல் சிரித்தார். தூ! வாயசைக்கிற பாட்டுக்காரனைப் பார்த்திருக்கிறேன், விரலசைக்கிற பியானோக்காரனை அன்றுதான் பார்த்தேன். ஊரை ஏமாற்றுகிற பயல் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன், என் கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏய், அங்க பாரு” என்றார்.

கடையின் கடைசி மூலையில், தூணுக்குப் பக்கத்தில், ஸ்டேண்டு மேல் வைத்த ஒரு தட்டையான பியானோ. அதன் முன்னால் எங்கள் மகள். காதில் பெரிய ஹெட்போன். வாசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வாசிக்கிறாள்! எங்களுக்கு இசை கேட்கவில்லை. கட்டைகள் இறங்கி ஏறுகிற ‘டொக் டொக்’ சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. ஆனால் அந்த முதுகைப் பார்க்க வேண்டுமே. தோள் இறங்கி, கழுத்து தளர்ந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வீட்டில் நான் ஒருநாளும் பார்க்காத முதுகு அது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ தப்பு வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்து, தலையை ஆட்டி, தனக்குத்தானே சிரித்துவிட்டு, அந்த இடத்துக்கே திரும்பப் போனாள்.

என் கணவர், “சும்மா இரு, வாசிக்கட்டும்” என்று காதருகில் சொன்னார்.

சும்மா இருந்தேனா? அது கடையில் எல்லோரும் தட்டிப் பார்க்கிற பீஸ். கடைசிக் கட்டையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. என் கண்ணில் அது பட்டுவிட்டது. சாமி சத்தியமாக, நான் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் பைக்குள் போனது, சுருளைக் கிள்ளியது, அவள் விரல்களுக்கு ஒரு ஜாண் தள்ளி, கட்டையின் ஓரத்தில் அம்பை ஒட்டியது.

அவள் கை நின்றுவிட்டது. அம்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“பாப்பா, அந்தக் கட்டைய பாரு, ஒடஞ்சிருக்குது, அதான்...”

“ம். முடிஞ்சிச்சும்மா” என்று எழுந்துவிட்டாள்.

அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை, பாருங்கள். டிஸ்ப்ளே பீஸ் மட்டம், அதனால் பிள்ளைக்கு மனசு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். விரலசைத்த மனிதரை மறுபடி கூப்பிட்டு, கடையில் இருந்த கிராண்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். கடைசியில் ஒன்று தேறியது. இதில் மூடிக்கு ஒரு வேலை இருந்தது; உள்ளே ஸ்பீக்கர்கள் மேல்நோக்கி இருந்தன, மூடியைத் திறந்தால் சத்தம் விரிந்தது, மூடினால் அடங்கியது. கட்டை கனமாக இருந்தது, இடது பக்கம் ஜாஸ்தி, வலது பக்கம் போகப் போகக் கம்மி, அசலில் அப்படித்தான் இருக்குமாம். பிரிக்காத பெட்டியைப் பிரிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் குனிந்தும் படுத்தும் பார்த்தேன். மூன்று காலையும் தடவினேன். மூன்று பெடலையும் கையால் அழுத்தினேன். அம்பு ஒட்ட ஒரு இடம் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முதல் தரத்தை என் வீட்டு விலாசம் எழுதி அனுப்பப்போகிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்கிள், இதுல ஹெட்போன் எங்க சொருவணும்?”

அவர் கட்டைகளுக்குக் கீழே காட்டினார். அவள் குனிந்து விரலை வைத்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ‘பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு நெனைக்குது பாருங்க பிள்ள’ என்று ரயிலில் வரும்போது என் கணவரிடம் பெருமையடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார்.

பத்து நாளில் பியானோ வந்தது. நாலு ஆள் சந்துக்குள் முக்கி முனகித் தூக்கி வந்தார்கள். சாக்பீஸ் கோட்டுக்கு மேல் துல்லியமாக உட்கார்ந்தது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் பாஜி என்று கூப்பிடுகிறவள், பாலிஷில் தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “அரே, இன்னா அழகு! பாப்பாவ வாசிக்கச் சொல்லு” என்றாள். மகள் வந்தாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து ஹெட்போனை எடுத்து, குனிந்து சொருகி, காதில் மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

டொக் டொக் டொக்.

பாஜி கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். “சத்தமே வர்லியே, ரிப்பேரா?” என்று என்னைக் கேட்டாள்.

“புதுசு இல்லியா, அதான்” என்று ஏதோ உளறினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மூன்று மாதமாக வாசிக்காத பிள்ளை இப்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுவதில்லை. நான் பயந்தது நடக்கவில்லை, கடவுளுக்கு ஸ்தோத்திரம், வாசிக்கிறாள். ஆனால் எனக்கு டொக் டொக்தான். நான் நாற்காலியைப் பக்கத்தில் போட்டால் வாசிப்பு நின்றுவிடும். “தண்ணி குடிச்சிட்டு வரேன்மா” என்று எழுந்து போய்விடுவாள். சமையலறைக்கு நான் திரும்பினால் மறுபடி டொக் டொக் ஆரம்பிக்கும். இவ்வளவு பெரிய மூடி, இத்தனை ஸ்பீக்கர், சத்தம் விரியுமாம், அடங்குமாம். ஒருநாளும் திறக்கவில்லை. பேஜாராகப் போயிற்று எனக்கு.

ஒரு நாள் அவள் டியூஷனுக்குப் போயிருந்தபோது, பழைய புத்தகத்தைப் புது பியானோவின் தாங்கியில் வைக்கலாம் என்று பீரோ மேலிருந்து எடுத்தேன். கீபோர்டின் உறைக்குள் அதையும் சேர்த்து ஜிப் போட்டிருந்தாள். திறந்தேன்.

அம்பு. முதல் பக்கத்தில் அம்பு, இரண்டாம் பக்கத்தில் அம்பு. சில பக்கத்தில் இசைக் குறிகளே தெரியவில்லை, சிவப்பாக அம்மை போட்ட மாதிரி இருந்தது. எல்லாம் நான் ஒட்டியது. எட்டு வயதில் வாசித்த குட்டிப் பாட்டு, பக்கத்தில் யானைப் படம், அதில் பதினேழு அம்பு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதினேழு! ஒரு பக்கத்திலாவது, ஒரே ஒரு பக்கத்திலாவது, இந்த இடம் நன்றாக இருந்தது என்று நான் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று கடைசி அட்டை வரைக்கும் புரட்டினேன். இல்லை.

தூ என்று என்னையே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எறும்பு மொய்த்த வெள்ளைப் பியானோவைப் பார்த்து வராத அருவருப்பு, என் கையைப் பார்த்து வந்தது. கீபோர்டு குறையாம், கட்டை லைட்டாம், கண்டுபிடித்துவிட்டாளாம் பெரிய செக்கர்! எங்கே குறை என்று தெரியாமல் வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்திருக்கிறேன், பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான்தான் குறை.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தேன். தோலிலிருந்து அந்த ஸ்டிக்கர் சுத்தமாக வந்துவிடும், தடயமே இருக்காது. அதற்கென்றே செய்த பசை. காகிதத்திலிருந்து அப்படி வரவில்லை. இழுத்தால் காகிதத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அம்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. யானைப் பக்கம் சல்லடையாகிவிட்டது. நாலு பக்கம் பிய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மகள் டியூஷன் முடிந்து வந்து என்னையும் புத்தகத்தையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“இன்னாம்மா பண்ற?”

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எங்கள் மேசையில் அந்த வார்த்தை கிடையாது. கைப்பையை எடுத்து, ஸ்டிக்கர் சுருளை எடுத்து, அவள் கையில் கொடுத்தேன்.

“நீயே வெச்சிக்க. எனக்கு... எனக்கு ஒரு தடவ கேக்கணும் பாப்பா. அந்த மூடியத் தெறந்து.”

“தப்பு வரும்மா.”

“வரட்டும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. ஒரு மேல்தோலை எடுத்து, மடக்கி, எங்கேயாவது வெடிக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நான் பார்க்கிற அதே பார்வை. என் மகள் என்னிடம் கற்றுக்கொண்டது அதுவும்தான். நான் கண்ணை எடுக்காமல் நின்றேன். உள்ளுக்குள் பாஸ், பாஸ் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சுருளிலிருந்து ஒரே ஒரு அம்பைக் கிள்ளி, என் புறங்கையில் ஒட்டினாள்.

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்மா” என்றாள். பியானோ முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சமையலறையில் நின்று டொக் டொக்கைக் கேட்டபடி கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வெள்ளிக் கோடு போடவில்லை அவள். அம்புதான் ஒட்டியிருக்கிறாள். பிழைத்துக்கொண்டேன் என்று அர்த்தம். ரீவர்க்.